துளையின் அகலம் எத்தனை மில்லிமீட்டர்?

கேமரா வாங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கையிலிருக்கும் போனில் எஃப் 1.8 என்று போட்டிருக்கிறது. கடையில் காட்டுகிற ஐம்பது எம்.எம். லென்ஸிலும் அதே எஃப் 1.8. இரண்டிலும் ஒரே ஆளை நிற்க வைத்து எடுத்துப் பார்த்தால், லென்ஸில் பின்னாலுள்ள தெரு கரைந்துபோகிறது. போனில் எதிர்க் கடைப் பலகையின் எழுத்து வரை படிக்க முடிகிறது. எண் ஒன்றாக இருக்கும்போது படம் மட்டும் ஏன் வேறாகிறது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆற அமரப் பேச வேண்டிய விஷயம். கடினமானது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் படித்த வகுத்தல் கணக்கு நினைவிருந்தால் போதும்.

முதலில் சென்சார். லென்ஸ் கொண்டுவரும் பிம்பம் வந்து விழுகிற தகடு அது. முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் என்று சொல்லப்படும் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் கொடுத்துவிட்டுப் போன அளவு இது. சினிமாவுக்கான பிலிமை அவர் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, சினிமாவின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒரு புகைப்படமாக்கினார். அந்தக் கேமரா 1925-இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் அந்த அளவே மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோலாக நிற்கிறது.

அதைவிடச் சிறியது ஏ.பி.எஸ்.-சி. கடைகளில் கிராப் சென்சார் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் 23.5க்கு 15.6 மி.மீ. அளவில் வருகிறது, கேனனில் சற்றே சிறியது. ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008-இல் கொண்டுவந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மி.மீ. அடுத்தது 'ஒரு அங்குல சென்சார்'. அங்குலம் என்றால் 25.4 மி.மீ. இருக்க வேண்டுமே என்று ஸ்கேலை எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அதன் உண்மையான அளவு 13.2க்கு 8.8 மி.மீ. மட்டுமே. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயரிட்ட வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன் விளம்பரத்தில் வரும் '1/1.28 அங்குலம்' என்பதும் அதே வழக்கம்தான். அளந்தால் ஏறத்தாழ 9.8க்கு 7.3 மி.மீ. ஃபுல் ஃபிரேமின் பரப்பு இப்படிப்பட்ட போன் சென்சார்கள் பன்னிரண்டின் பரப்புக்கு ஏறத்தாழச் சமம்.

இனி அப்பர்ச்சர். லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துளை அது. எஃப் எண் அந்தத் துளையின் அளவைச் சொல்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு விகிதம். லென்ஸின் குவியத்தூரத்தை (ஐம்பது எம்.எம். லென்ஸ் என்பதிலுள்ள அந்த ஐம்பது) துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். அப்படியானால் குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைத்துவிடும். சிறிய எண்ணுக்குப் பெரிய துளை என்று புதிதாக வருபவர்களைக் குழப்பும் அந்தத் தலைகீழ்க் கணக்குக்கும் காரணம் இதுதான்: எஃப் எண் வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வகுத்துப் பார்ப்போம். ஐம்பது எம்.எம். லென்ஸில் எஃப் 1.8 வைத்தால் 50 வகுத்தல் 1.8; கிட்டத்தட்ட 28 மி.மீ. போனுக்கு வருவோம். 2022-இல் வந்த ஐஃபோன் 14 ப்ரோவின் பிரதான கேமராவில் உண்மையான குவியத்தூரம் 6.86 மி.மீ., அப்பர்ச்சர் எஃப் 1.78. வகுத்தால் 3.9 மி.மீ. கூட இல்லை. ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு துளைகளில் ஒன்று மற்றதைவிட ஏழு மடங்கு அகலம். படம் வேறாக வருவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

துளையின் அகலம் பின்னணியை எப்படிக் கரைக்கிறது? மனதில் ஒரு முறை வரைந்து பார்த்தால் போதும், பிறகு மறக்காது. ஒருவர் முகத்தை ஃபோகஸ் செய்திருக்கிறீர்கள். அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே லென்ஸை வந்தடைகின்றன. துளைக்குள் நுழையும் கதிர்க்கற்றையின் அகலம் துளையின் அகலமேதான். அந்தக் கற்றை வரும் வழியில் முகம் இருக்கிற தளத்தைக் கடக்கும்போதும் அதே அகலத்தில்தான் கடக்கிறது. லென்ஸோ அந்தத் தளத்தைத்தான் கூர்மையாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. ஆகவே புள்ளியாக இருந்த விளக்கு, முகத்தின் அருகே துளை அளவுக்கு ஒரு வட்டமாகப் பதிகிறது.

இப்போது முகத்தையே அளவுகோலாக வையுங்கள். போனில் நான்கு மி.மீ. துளை, தூரத்து விளக்கு கண்பாவை அளவுக்கு ஒரு பொட்டாக விழும். ஐம்பது எம்.எம். எஃப் 1.8-இல் அதே விளக்கு ஒரு கண்ணின் முழு அகலத்துக்கு விரியும். எண்பத்தைந்து எம்.எம். எஃப் 1.8-இல் துளை 47 மி.மீ.; விளக்கு உதட்டின் அகலத்தை நெருங்கிவிடும். பின்னாலுள்ள ஒவ்வொரு புள்ளியும் இப்படி வட்டமாகி ஒன்றன்மேல் ஒன்று படியும்போது கடைப் பலகையின் எழுத்துகள் கலைந்துவிடுகின்றன. முகப்படம் எடுப்பவர்கள் எண்பத்தைந்தை ஏன் தேடுகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னும் இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. வட்டம் துளை அளவுக்கு விரிய வேண்டுமானால் பின்னணி வெகுதூரத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கும் ஆளுக்கும் உள்ள அதே தூரம் ஆளுக்கும் சுவருக்கும் இருந்தால் வட்டம் துளையில் பாதிதான். சுவரில் சாய்ந்து நிற்பவரை எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் சுவரிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. நான்கடி முன்னால் வரச் சொல்லுங்கள். அடுத்தது, போனில் பூவை நெருங்கி எடுத்தால் மட்டும் பின்னணி அழகாகக் கரைகிறதே, அது ஏன்? பூவின் அகலம் இருபது மி.மீ. என்றால் நான்கு மி.மீ. வட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. முகத்தின் முன் அற்பமாக இருந்த அதே துளை பூவின் முன் பெரிதாகிவிடுகிறது.

இந்தக் கரைவுக் கணக்கில் சென்சார் எங்காவது குறுக்கே வந்ததா? இல்லை. பெரிய சென்சார் பின்னணியைக் கரைக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. சென்சார் வேறு வழியாக உள்ளே வருகிறது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரே சட்டகத்தைப் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள். ஃபுல் ஃபிரேமுக்கு 50 எம்.எம். லென்ஸ் வேண்டும். ஏ.பி.எஸ்.-சியில் அதே காட்சிக்கு 33 போதும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25. மூன்றிலும் எஃப் 1.8 வைத்தால் துளைகள் முறையே 28, 18, 14 மி.மீ. தகடு சிறிதானால் குவியத்தூரம் குறைகிறது. குவியத்தூரம் குறைந்தால் அதே எஃப் எண்ணில் துளையும் சுருங்குகிறது. பெரிய சென்சார் செய்கிற உதவி, பெரிய துளைக்கு இடம் கொடுப்பது.

இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். படத்தின் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் குழுவுக்கே எஃப் 64 என்று பெயர் வைத்தார்கள். எஃப் 64 என்றதும் ஊசிமுனைத் துளை என்று தோன்றும். ஆனால் அவர்கள் கையாண்ட பெரிய கேமராக்களில் பிலிமே 8க்கு 10 அங்குலம். அதற்குச் சாதாரண லென்ஸ் 300 மி.மீ. 64-ஆல் வகுத்தால் துளை 4.7 மி.மீ. நம் போனின் எஃப் 1.78 துளை அதைவிடச் சற்றுச் சிறியது! அவர்கள் எட்டிப்பிடிக்கப் பாடுபட்ட முழுத் தெளிவு நம் பையிலிருக்கும் போனில் தானாக வருகிறது. எஃப் 64, எஃப் 1.78 என்ற எண்களை மட்டும் பார்த்திருந்தால் இந்த உறவு கண்ணில் பட்டிருக்காது.

அப்படியென்றால் எஃப் எண் எதற்கு? அது வேறொரு வேலையை ஒழுங்காகச் செய்கிறது. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்கிறது. ஒரே வெளிச்சத்தில் எஃப் 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறன் 100 என்று வைத்தால் எந்தக் கேமராவிலும் படத்தின் பிரகாசம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்த ஒளி பாதியாகும். மொத்தமாக எவ்வளவு ஒளி சேர்ந்தது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. ஒரே எஃப் எண்ணில், ஒரே ஷட்டரில், ஃபுல் ஃபிரேம் அந்த 1/1.28 அங்குலப் போன் சென்சாரைவிடப் பன்னிரண்டு மடங்கு ஒளியைச் சேர்த்துவிடுகிறது. பரப்பு அத்தனை மடங்கு பெரியது.

மொத்த ஒளி ஏன் முக்கியம்? ஒளி துகள் துகளாக வருகிறது. தூறல் விழத் தொடங்கும்போது முற்றத்துச் செங்கற்களைப் பாருங்கள். ஒரு கல்லில் மூன்று துளி, பக்கத்துக் கல்லில் ஏழு துளி என்று சீரில்லாமல் கிடக்கும். நன்றாகப் பெய்துவிட்டால் எல்லாக் கல்லும் ஒன்றுபோல நனைந்திருக்கும். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிகிற நாய்ஸ் பெரும்பாலும் இந்தச் சீரின்மைதான். சராசரியாக 100 ஒளித்துகள் விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு 10 இருக்கும், பத்து சதவீதம். 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு 100, ஒரு சதவீதம். ஒளி கூடக்கூட ஏற்றத்தாழ்வின் பங்கு குறைகிறது. கல்யாண மண்டபத்தில் மாலை மங்கியபின் எடுத்த படங்களில் கன்னத்தின் நிறம் சீராக வருவதும் திட்டுத்திட்டாக வருவதும் இங்கேதான் முடிவாகிறது.

கரைதலுக்கு ஒரு விதி, ஒளிக்கு வேறொரு விதி என்று இப்போது தோன்றலாம். இரண்டும் ஒன்றுதான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 எம்.எம். எஃப் 1.4, துளை 17.9 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் 50 எம்.எம். எஃப் 2.8, துளை அதே 17.9. ஒரே இடத்திலிருந்து, ஒரே ஷட்டரில் இரண்டிலும் எடுங்கள். காட்சி ஒன்று, அதைப் பார்க்கும் துளை ஒன்று. உள்ளே வந்த மொத்த ஒளியும் ஒன்று. ஃபுல் ஃபிரேமில் அந்த ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால் ஐ.எஸ்.ஓ.வை 400-இலிருந்து 1600-க்கு ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் பின்னணியின் கரைவும் நாய்ஸும் இரண்டு படத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். பெரிய சென்சார் என்ற பெயருக்காக மட்டும் கிடைத்த லாபம் எதுவுமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. துளை ஒன்றானால் படம் ஒன்று என்பது சட்டகமும் ஒன்றாக இருக்கும்போது மட்டும்தான் செல்லும். ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியிட்ட பேரி லிண்டன் படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்த காட்சிகள் உண்டு. அதற்கு அவர் பயன்படுத்தியது, நாசாவுக்காக சைஸ் நிறுவனம் செய்த ஐம்பது எம்.எம். எஃப் 0.7 லென்ஸ். துளை 71 மி.மீ. கல்யாணங்களில் போட்டோகிராபர் தோளில் தொங்கும் 70–200 எஃப் 2.8 லென்ஸை 200-இல் வைத்து வகுத்தாலும் அதே 71 மி.மீ. வருகிறது! தூரத்து விளக்கை முகத்தருகே விரிக்கும் அளவில் இரண்டும் சமம். ஆனால் 200 எம்.எம். காட்சியின் ஒரு சிறு மூலையைத்தான் பார்க்கிறது. குப்ரிக்கின் லென்ஸ் மேசை, நடிகர்கள், சுவர் என்று அகன்ற காட்சியை அந்தத் துளை வழியே வாங்குகிறது. அதனால் பிலிமில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பதினாறு மடங்கு ஒளி கிடைத்தது. அவ்வளவு பெரிய துளைக்கு விலையும் உண்டு. நடிகர்கள் சற்று முன்னே சாய்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும். ஆகவே பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா வைத்து அவர்கள் இடம் பெயர்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஃபோகஸைத் திருப்பினார்கள்.

துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் எல்லாம் தெளிவாகிவிடுமா? ஓர் எல்லை வரைதான். ஒளி குறுகிய துளையைக் கடக்கும்போது விரிந்து பரவும். எஃப் 16-இல் ஒரு புள்ளி சென்சாரில் ஏறத்தாழ 0.021 மி.மீ. வட்டமாகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ.; ஒரு புள்ளி மூன்று பிக்சலுக்கு மேல் வழிகிறது. மலையும் வயலும் எடுப்பவர்கள் எஃப் 8, எஃப் 11 என்று நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இதுவே. போனில் பிக்சல்கள் இன்னும் சிறியவை. துளையைச் சுருக்கினால் உடனே மங்கிவிடும். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற வசதி வைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சென்சாரின் பரப்பே நேரடியாகப் பலன் தருகிற ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் வெளுத்துப்போகாமல் தாங்கக்கூடிய ஒளிக்கு வரம்பு இருக்கிறது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வை மிகக் குறைத்து, ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைக்க முடிந்தால், பெரிய தகடு அதிக ஒளியைத் தேக்கிக்கொள்ளும். அசையாத காட்சியில் நிழலின் உள்விவரமும் வானத்தின் மென்மையான நிறமாற்றமும் அங்கே சிறப்பாக வரும்.

போன்கள் தங்கள் துளையும் சென்சாரும் சிறியதாக இருக்கும் குறையை வேறு வழியில் ஈடுகட்டுகின்றன. இரவில் ஒரு முறை தொட்டால் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, நாய்ஸைக் குறைக்கின்றன. போர்ட்ரெய்ட் முறையில் எது அருகில், எது தொலைவில் என்று கணித்துப் பின்னணியை மென்பொருளால் கலைக்கின்றன. பல நேரம் நன்றாகவே வருகிறது. பிரிந்து பறக்கும் முடி இழைகளிலும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பிலும் அந்தக் கணிப்பு தடுமாறும். ஓடுகிற குழந்தையைப் பல படங்களாக அடுக்குவதும் கடினம். துளை வழியாக வந்த கரைவில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே கணிப்பு என்பதே இல்லை, கதிர்கள் தாமாக விழுகின்றன.

போனில் முகப்படம் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கும் சென்சாரைக் குறை சொல்வார்கள். அது நீங்கள் நிற்கும் தூரம். போனின் பிரதான கேமரா அகன்று பார்ப்பதால் முகம் நிறைய வேண்டும் என்று கிட்டே போய்விடுகிறோம். இரண்டு மூன்று அடி பின்னால் வந்து, படத்தைப் பிறகு வெட்டிக்கொண்டால் முகம் முகமாக இருக்கும்.

கடைசியாகப் பணம். எத்தனையோ வீடுகளில் சேமித்து வைத்த பணத்தில் கேமரா வாங்கி, கூடவே வந்த 18–55 கிட் லென்ஸில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு போனே தேவலை" என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது, ஏனென்றால் அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. அந்த லென்ஸ் 18-இல் எஃப் 3.5, துளை 5.1 மி.மீ. போனின் 3.9-ஐவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறு வித்தியாசத்தையும் போன் பல படங்களை அடுக்கித் தாண்டிவிடுகிறது. அதே லென்ஸ் 55-இல் எஃப் 5.6; துளை 9.8 மி.மீ. அந்தக் கேமராவிலேயே ஒரு ஐம்பது எம்.எம். எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் துளை 28 மி.மீ. ஆகிறது, ஒளி ஒன்பது மடங்குக்கு மேல். கேமராவையே மாற்றத் தேவையில்லை. லென்ஸ் வரிசையிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. பழையதாகவும் நல்ல நிலையில் கிடைக்கும்.

பயணத்துக்கு, எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டிய படங்களுக்கு, பறவைகளைத் தேடி மணிக்கணக்கில் நடப்பதற்குச் சிறிய சென்சார் சிறந்த தோழன், தோள் வலிக்காது. இருட்டில் அசையும் மனிதர்களை எடுக்க வேண்டும், முகத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்றால் பெரிய துளை வேண்டும். அந்தத் துளைக்கு இடம் தர பெரிய சென்சார் வேண்டியிருக்கலாம். எதுவானாலும், ஃபுல் ஃபிரேமா கிராப்பா என்று கேட்பதற்கு முன் லென்ஸில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். வருகிற மில்லிமீட்டர், கையிலிருப்பதைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். நீங்கள் பணம் கொடுப்பது அந்த மடங்குக்குத்தான்.